சாப்பிட்ட பிறகும் பசிக்கும் பிள்ளை

(செஞ்சிப் பகுதி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சாப்பாட்டைப் பற்றியே பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் செருகும் நேரம்தான். இருந்தாலும் நீங்கள் தினமும் பள்ளியில் பார்க்கிற விஷயம் என்பதால் விழித்திருந்து கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

சத்துணவில் வயிறாரச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிள்ளை, பத்து நிமிடத்தில் பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் நிற்கிறது. கையில் பத்து ரூபாய் பாக்கெட். "இப்பதானே சாப்ட்டே?" என்று கேட்டால், "பசிக்குது மிஸ்" என்கிறது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதற்குள் ஏதோ ஒன்று பசிக்கத்தான் செய்கிறது. எது பசிக்கிறது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

வருத்தம், கோபம், பயம், தனிமை, சலிப்பு இவற்றில் ஏதாவது ஒன்று வரும்போது, வயிறு கேட்காமலே தின்பதை உளவியலில் 'உணர்வுசார் உண்ணுதல்' என்கிறார்கள். நம் பேச்சு வசதிக்கு மனப்பசி என்று வைத்துக்கொள்வோம். சொல் புதிதாக இருக்கலாம், விஷயம் பழையது. இங்கே இருக்கும் தமிழாசிரியர்களுக்கு மணிமேகலையில் வரும் காயசண்டிகையை நன்றாகத் தெரியும். விருச்சிக முனிவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிட, அவர் இட்ட சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசி அவளைப் பற்றியது. கணவனையும் சொந்த ஊரையும் பிரிந்து, புகாரில் அந்தப் பசியோடு அலைந்தாள். எவ்வளவு உண்டும் அடங்காத பசி, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அன்போடு இட்ட ஒரு பிடியில் அடங்கியது. உணவின் அளவால் தீராத பசி ஒன்று இருக்கிறது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளை என்ன தின்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், தின்பதற்கு முன் அதற்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அதையும் ஒரு வரிசையில் பாருங்கள். முதலில் வயிறு, பிறகு மனம்.

முதலில் வயிறு

இந்த வரிசை முக்கியம். மனப்பசி பற்றி எழுதும் பல நூல்கள், உண்ண உணவு தாராளமாகக் கிடைக்கும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் வகுப்பறை அப்படிப்பட்டதல்ல. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்து, 1920இலேயே பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளையின் வயிற்றை முதலில் பார் என்பது நூறாண்டுகளாக இந்த மண்ணில் கல்வியின் முதல் பாடம்.

காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஐந்து வகுப்பு வரை பள்ளியில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் எங்களைப் போன்ற உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறது. வீட்டில் விடிவதற்கு முன்பே எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை ஒரு டீயோடு பஸ் ஏறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு பையன். சத்துணவில் மூன்று முறை சோறு வாங்குவான். அடுத்தவன் மிச்சம் வைத்ததையும் கேட்பான். பிள்ளைகள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் கூப்பிட்டு, "காலையில என்னடா சாப்ட்டே?" என்று கேட்டேன். "ஆயா நடவுக்குப் போய்டுச்சி டீச்சர். நேத்து ராத்திரி சாப்ட்டதுதான்" என்றான். அவனுக்கு உளவியல் தேவையில்லை. இரண்டு இட்லி தேவை. அவன் ஆயாவிடம் பேசி, முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னோம். பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டு வரத் தொடங்கிய பிறகு, மதியம் அவன் தட்டு மற்றவர்கள் தட்டைப் போலவே ஆனது.

ஆகவே ஒரு பிள்ளை அதிகமாகத் தின்கிறது என்று தோன்றினால், முதல் கேள்வி காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய். மூன்றாவது, உடலில் வேறு ஏதாவது தொல்லை உண்டா. நிறையச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போகிறது, அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறது என்றால் அது சிறுவயதுச் சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், நாட்டில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மெலிந்தும், நூற்றுக்கு ஐந்து பேர் அதிக எடையோடும் இருந்தார்கள். ஒரே வகுப்பில் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பைப் பார்த்தே யாருக்கு எந்தப் பசி என்று சொல்லிவிட முடியாது. மெலிந்த பிள்ளைக்கும் மனப்பசி வரும். பருத்த பிள்ளைக்கும் வயிற்றுப்பசி இருக்கும்.

இரண்டு பசிகளின் அடையாளம்

வயிற்றுப்பசி மெல்ல மெல்ல வரும். காத்திருக்கும். சாம்பார் சாதம், கூழ், களி எது கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். வயிறு நிறைந்தால் நின்றுவிடும். சாப்பிட்ட பிறகு நிம்மதி தரும்.

மனப்பசி திடீரென்று வரும். இப்போதே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். அதற்குக் குறிப்பிட்ட ருசிதான் வேண்டும், பெரும்பாலும் மொறுமொறுப்பு, உப்பு, காரம், இனிப்பு. வயிறு நிறைந்தாலும் நிற்காது. பாக்கெட் காலியாகும்போதுதான் நிற்கும். தின்ற பிறகு ஒரு குற்ற உணர்ச்சி வரும். அந்தக் குற்ற உணர்ச்சியே அடுத்த பாக்கெட்டுக்குக் காரணமாகிவிடும்.

பிள்ளைகளிடம் ஓர் எளிய சோதனையைச் சொல்லிக் கொடுக்கலாம். "இப்போ ரெண்டு இட்லி கொடுத்தா சாப்பிடுவியா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சாப்பிடுவேன் என்றால் வயிற்றுப்பசி. இட்லி வேண்டாம், அந்தச் சிப்ஸ்தான் வேண்டும் என்றால் வேறு ஏதோ இருக்கிறது. திருக்குறளில் 'மருந்து' அதிகாரமே நன்றாகப் பசித்ததை அறிந்து உண் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பசியை அறிவதும் ஒரு படிப்பு. அதை நாம் கற்றுக்கொடுக்க முடியும்.

உடலுக்குள் நடப்பது

நம் ஊர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக அது சேர்ந்த பிறகு இன்னும் கூட்டம். உள்ளே போனால் நெற்களஞ்சியத்தின் முன் நின்று, "இவ்ளோ பெரிசா எதுக்கு டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1690இல் முகலாயப் படை வந்து சூழ்ந்தது. கோட்டை விழுந்தது 1698இல். இடையில் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் உள்ளே நெல்லும் நீரும் இருக்க வேண்டும். எதிரி எப்போது வருவான், எப்போது போவான் என்று தெரியாதவன் களஞ்சியத்தைப் பெரிதாகத்தான் கட்டுவான்.

நம் உடலும் இதே கணக்கைத்தான் போடுகிறது. திடீர் ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது, பசி அடங்கிவிடுகிறது. தேர்வு அன்று காலையில் பல பிள்ளைகளுக்கு ஒரு வாய்கூட இறங்காததற்கு இதுதான் காரணம். ஆனால் நெருக்கடி நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டால் கார்டிசால் என்னும் சுரப்பு அதிகமாகவே இருந்துகொண்டிருக்கிறது. பசியைத் தூண்டுகிறது. அதிலும் கொழுப்பும் இனிப்பும் நிறைந்ததைத் தேட வைக்கிறது. முற்றுகை நீள்கிறது, களஞ்சியத்தை நிரப்பு என்பதுதான் அது உடலுக்கு இடும் கட்டளை. குடித்துவிட்டு வரும் அப்பா, ஓயாத கடன் பேச்சு, வகுப்பில் தினமும் படும் அவமானம் எல்லாமே உடலுக்கு முற்றுகைதான். அப்போது இனிப்போ கொழுப்போ உள்ளே போனால் மூளையில் சிறிது நேரம் ஓர் இதம் கிடைக்கிறது. அந்த இதம் உண்மையானது. அதனால்தான் பிள்ளை திரும்பத் திரும்ப அதையே தேடுகிறது.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கிரெலின் பசியைக் கிளப்பும் சுரப்பு. லெப்டின் போதும் என்று சொல்லும் சுரப்பு. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் பன்னிரண்டு பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். கிரெலின் கூடியது, லெப்டின் குறைந்தது. இனிப்பின் மீதும் உப்புத் தின்பண்டத்தின் மீதும் ஆசை அதிகரித்தது. நள்ளிரவு வரை செல்போனில் ரீல்ஸ் பார்த்துவிட்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் பதினோரு மணிக்குச் சமோசா தேடுவதில் வியப்பில்லை.

தூண்டுவது எது?

நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 1986இல் உருவாக்கிய ஒரு வினாப்பட்டியல், வயிறு கேட்காமலே தின்ன வைப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கிறது. நம் பள்ளிகளுக்கும் அது பொருந்துகிறது.

முதல் வகை, உணர்வு. நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது தனிமையும் சலிப்பும். பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் பூட்டிய கதவு. மாலை நான்கரையிலிருந்து ஏழு வரை யாரும் இல்லை. அடுத்தது அவமானம். மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் வாசித்த நாளில் கடையில் கூட்டம் அதிகம்.

இரண்டாவது வகை, வெளியிலிருந்து வரும் இழுப்பு. கண்ணில் படும் பாக்கெட், மூக்கில் ஏறும் போண்டா வாசனை, செல்போனில் வரும் விளம்பரம். இது மனப்பசி அல்ல. கண்ணில் படாவிட்டால் பெரும்பாலும் தேடவும் மாட்டார்கள். 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசலாம். கடைக்காரரும் நம் ஊர்க்காரர்தான். சுண்டல், வேகவைத்த மல்லாட்டை, கொய்யா விற்கச் சொன்னால் கேட்பார்.

மூன்றாவது வகை, கட்டுப்பாடு. இது பலருக்கு வியப்பாக இருக்கும். சாப்பிடக் கூடாது என்று தன்னையே அடக்கி வைப்பவர்கள்தான் ஒரு கட்டத்தில் அளவில்லாமல் தின்கிறார்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பழையபடி உணவு கொடுத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை. நம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் சிலர் காலையும் மதியமும் சாப்பிடாமல் 'டயட்' இருக்கிறார்கள். மாலை வீட்டுக்குப் போனதும் கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு அழுகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் மனவுறுதி இல்லை என்று சொல்லாதீர்கள். மதியம் சாப்பிடு என்று சொல்லுங்கள்.

ஒரு மாணவியின் திங்கட்கிழமை

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு. நன்றாகப் படிப்பவள். சில நாள்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று நான்கு பாக்கெட் வாங்கி, கழிப்பறைப் பக்கம் தனியாக நின்று வேகமாகத் தின்பாள். கவர்களைப் புத்தகப்பையில் ஒளித்து வைப்பாள்.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். என்றைக்கு, என்ன தின்றாள், அதற்கு முன் என்ன நடந்தது. ஆறு வாரம் எழுதியதில் ஒன்று தெரிந்தது. எல்லா நாளும் இல்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் மட்டும். பேச்சுக் கொடுத்தபோது விவரம் வந்தது. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார்கள். ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுவார்கள். பஸ் ஏறும்போது அம்மா கையில் இருநூறு ரூபாயைத் திணிப்பார். அது தீரும் வரை தின்கிறாள். அம்மா அழ முடியாமல் கொடுத்த காசு, மகள் அழ முடியாமல் தின்கிறாள்.

"பசிக்குதாம்மா?" என்று கேட்டேன். "பசிக்கல டீச்சர். தின்னும்போது ஒண்ணும் ஞாபகம் வராது" என்றாள். எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நாங்கள் பாக்கெட்டைப் பிடுங்கவில்லை. தலைமையாசிரியரின் அனுமதியோடு, அந்தத் திங்கட்கிழமைகளில் மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் அம்மாவோடு போனில் பேச வைத்தோம். சாப்பிடும்போது தனியாக இல்லாமல் மூன்று தோழிகளோடு உட்கார வைத்தோம். காசு கொடுக்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன், அடுத்து வரும் தேதியைக் காலண்டரில் மகளையே வட்டம் போடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னோம். ஆயா வறுத்த மல்லாட்டை கட்டிக் கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அவள் வாங்கித் தின்கிறாள். ஆனால் தோழிகளோடு பங்கு போட்டுத் தின்கிறாள். ஒளித்து வைப்பது நின்றுவிட்டது. அம்மா ஊருக்குப் போன அன்று, "டீச்சர், இன்னைக்கு மனசு சரியில்ல" என்று அவளே வந்து சொல்கிறாள். அதைத்தான் நான் முன்னேற்றம் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணவில் ஆறுதல் தேடுவதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள் சமைத்து எடுத்து வந்து, சாப்பிடு என்று கட்டாயப்படுத்தி உட்கார வைப்பார்கள். அந்தச் சோற்றில் ஆறுதல் இருக்கிறது, கூடவே மனிதர்களும் இருக்கிறார்கள். மனிதர்கள் இல்லாமல் தின்பண்டம் மட்டுமே ஆறுதலாக மிஞ்சும்போதுதான் பிள்ளை சிக்கலில் இருக்கிறது.

பள்ளியில் தவிர்க்க வேண்டியவை

சரியான விடைக்குச் சாக்லேட், அமைதியாக இருந்தால் மிட்டாய் என்பது பல வகுப்புகளில் வழக்கம். மகிழ்ச்சிக்கும் வெற்றிக்கும் இனிப்புதான் அடையாளம் என்று அது பழக்கப்படுத்துகிறது. அழுகிற குழந்தையின் கையில் உடனே பிஸ்கட்டைத் திணிப்பதும் அப்படியே. அமெரிக்க மனநல மருத்துவர் ஹில்டே புரூக், எந்த அழுகைக்கும் உணவையே பதிலாகக் கொடுத்து வளர்த்தால், அந்தக் குழந்தைக்குப் பசி எது, மற்ற தவிப்பு எது என்று பிரித்தறியத் தெரியாமல் போகும் என்று 1973இல் எழுதினார். அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய செய்தி இது. பரிசாக ஒரு பென்சில், ஒரு கைதட்டல், வரிசையில் முதலில் நிற்கும் உரிமை போதும்.

உடலைப் பற்றிய கேலியை வகுப்பில் அனுமதிக்காதீர்கள். எடை பார்க்கும் நாளில் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டாம். குறித்துக்கொண்டால் போதும். கேலி யாரையும் மெலிய வைக்காது, தனியாகத் தின்ன வைக்கும்.

வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று மதிய இடைவேளையில் வகுப்பில் உட்கார வைப்பதும் வேண்டாம். உணவு நேரத்தைத் தண்டனை நேரமாக்கினால், அந்தப் பிள்ளை அவசரமாக விழுங்கப் பழகும்.

கையிலிருப்பதைப் பிடுங்குவதும் பயன் தராது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு குழந்தைகள் முன் ஒரு தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு எடுக்கத் தடை போட்டார்கள். தடை போட்ட பண்டத்தின் மீதுதான் அவர்களின் பேச்சும் ஆசையும் திரும்பியது. கடையை வாசலிலிருந்து நகர்த்துவது வேறு, பிள்ளையின் கையிலிருந்து பறிப்பது வேறு.

சொல் கொடுப்போம்

"என்ன ஆச்சு?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்லும் பதில், "ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்." எல்லா உணர்வுக்கும் இந்த ஒரே வாக்கியம்தான். பெயர் வைக்கத் தெரியாத உணர்வைப் பிறரிடம் சொல்ல முடியாது. சொல்ல முடியாததுதான் பல நேரம் பாக்கெட்டைத் தேடிப் போகிறது. நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஏக்கம், தவிப்பு, எரிச்சல், பொறாமை, வெறுமை, கலக்கம், அலுப்பு, கூச்சம். வாரம் ஒரு சொல்லைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, இது உங்களுக்கு எப்போது வரும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மொழிப்பாடமும் நடக்கும், மனமும் திறக்கும். எழுதியதை வகுப்பில் வாசிக்க மாட்டேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுங்கள்.

தின்ன வேண்டும் என்ற வேகம் அலை மாதிரி. கொஞ்ச நேரம் தாண்டினால் பெரும்பாலும் தணியும். அந்த நேரத்தில் செய்யப் பிள்ளைக்கு ஏதாவது வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர், மைதானத்தில் ஒரு சுற்று நடை, ஒரு தோழனோடு பேச்சு, படம் வரைதல். அதனால் அறிவியல் ஆசிரியராகிய நான் கணக்கு ஆசிரியர்களோடு சேர்ந்து ஓர் உறுதி எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுப் பாடவேளையை இனி நாம் கடன் வாங்கக் கூடாது.

எப்போது உதவி கேட்பது?

ஒளிந்து தின்பது வாரக்கணக்கில் தொடர்கிறது, தின்ற பிறகு வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறது, எடை வேகமாகக் கூடுகிறது அல்லது குறைகிறது, யாரோடும் சேராமல் ஒதுங்குகிறது என்றால் அது நம் நோட்டுக்குள் அடங்கும் விஷயமல்ல. அடங்காமல் தின்னும் கோளாறு 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரை அழைத்து, பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். அன்றே செயல்படுங்கள். பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 1098.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டம் முடிந்து வந்ததும் ஆசிரியர் அறையில் பஜ்ஜித் தட்டு எவ்வளவு வேகத்தில் காலியாகிறது என்று நமக்குத் தெரியும். நம் பசி எது என்று நாமும் கேட்டுக்கொண்டால், பிள்ளையிடம் கேட்கும்போது குரலில் அதட்டல் இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் திங்கட்கிழமை முதல் ஒரு மாதத்துக்கு, உங்கள் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு அந்த மூன்று கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். என்றைக்கு, என்ன, அதற்கு முன் என்ன. அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். பார்த்து எழுதினால் போதும். யார் கண்ணிலும் படாமல் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு, தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பது தெரியவரும். பாதிப் பசி அதிலேயே அடங்கும். அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுதியதை, பெயர் சொல்லாமல், ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வோம்.